அழிக்க அழிக்க வந்த கை

இதை நான் எங்கே சொன்னாலும் யாராவது ஒருவர் சிரிக்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும். என் அக்கா கதை கட்டுகிற ஆள் இல்லை. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே போய் "நான்தான் உடைச்சேன், இவளும் கூட இருந்தா" என்று சொல்லி, தானும் அடி வாங்கி எனக்கும் வாங்கிக் கொடுத்தவள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே, மணி நிமிஷத்தோடு, இங்கே எழுதுகிறேன். என் கண்ணால் நான் பார்த்தது கடைசியில் நடந்த ஒன்றை மட்டும்தான். எனக்கு அந்த ஒன்றே போதும்.

முதலில் அவர்கள் செய்த தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

அக்காவின் வீட்டுக்காரர் படக்காரர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். மற்றபடி அவருக்கும் எனக்கும் ஆகாது. ஒரு பொம்மைக் கம்பெனிக்கு விளம்பர ஃபோட்டோ எடுத்துத் தருவது அவர் வேலை. அவர் எடுக்கும் படங்களில் பொம்மைகள் பறக்கும். பிளாஸ்டிக் விமானம் மேகத்துக்குள் பாயும். கரடிக்குட்டி குடை பிடித்தபடி அந்தரத்தில் மிதக்கும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கம்பி தெரியாது, கயிறு தெரியாது. இருந்தால்தானே தெரியும்? பொம்மையைப் பிடித்திருப்பது ஒரு மனிதக் கை.

கம்பியில் தொங்கவிட்டால் பொம்மை சுற்றும். பசையில் ஒட்டினால் பெயின்ட் உரியும். கையால் பிடித்தால் எந்தக் கோணத்தில் வேண்டுமோ அந்தக் கோணத்தில் நிற்கும். கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, அசைக்காமல் இரண்டு படம் எடுப்பார்கள். முதலில் பொம்மையும் இல்லாமல் கையும் இல்லாமல், பின்னால் இருக்கும் நீலக் காகிதத்தை மட்டும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வெறும் படம்'. அடுத்தது, கை பொம்மையைப் பிடித்திருக்கும் படம். இது 'கைப் படம்'. கம்ப்யூட்டரில் வெறும் படத்தைக் கீழே போட்டு, கைப் படத்தை அதன் மேல் வைத்து, கை இருக்கும் இடத்தை மட்டும் அழித்துக்கொண்டே வர வேண்டும். அழித்த இடத்தில் கீழே இருக்கும் நீலம் தெரியும். கை போய்விடும், பொம்மை மட்டும் பறந்துகொண்டிருக்கும்.

எடுப்பது மாமா. அழிப்பது அக்கா. மாடியில் முன்னறை அவருக்கு, பின்னறை இவளுக்கு. கீழே குடியிருந்தார்கள்.

பிடிப்பதற்கு ஓர் அம்மா இருந்தார். எல்லோருக்கும் அவர் கைக்காரம்மா. ஏழு வருஷம் அந்த வேலை பார்த்தார். மங்கலான வெளிச்சத்தில் எடுப்பதால் கேமரா இரண்டு விநாடி கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அந்த இரண்டு விநாடியில் கை நூலளவு நடுங்கினாலும் படம் குப்பைதான். கைக்காரம்மாவின் கை நடுங்காது. பேசினால் மூச்சில் தோள் ஆடும் என்று வாயே திறக்க மாட்டார். தயாரானதும் பொம்மையின் மேல் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். டக்... டக். மாமா எடுப்பார். எடுத்ததும் "விட்டுடும்மா" என்பார். அதற்குப் பிறகுதான் கை இறங்கும்.

அக்காவுக்கு அந்தக் கை மனப்பாடம். மூவாயிரம் தடவைக்கு மேல் அழித்திருக்கிறாள். கட்டை விரல் நகம் நடுவில் நீளமாகப் பிளந்திருக்கும், ஏதோ பொம்மையின் ஸ்பிரிங் தெறித்ததில் ஆனது. "எங்கம்மா கையைக் கூட நான் அவ்வளவு பாத்ததில்லடி" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். நமக்கெல்லாம் எங்கே அம்மா கையைப் பார்க்க நேரம் என்று நான் சிரித்தேன்.

அந்த அம்மா வேலையை விட்டுப் போனது இப்படி. ஒரு நாள் படங்களைப் பார்க்க கம்பெனி மேனேஜர் மாடிக்கு வந்தார். "இந்த வேலைக்கு எத்தனை பேர் வேணும்?" என்று கேட்டார். மாமா, "நான் ஒருத்தன்தான் சார்" என்றார். கைக்காரம்மா அப்போது மூன்றடி தள்ளி, கையில் விமானத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

மேனேஜர் போன பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஒரே ஒரு படத்துல என் கையை விட்டு வைங்க சார். ஏழு வருஷமா என்ன வேலை பாக்குறேன்னு வீட்ல கேக்குறாங்க. காட்ட ஒண்ணும் இல்ல."

"கை தெரிஞ்சா அதுக்குப் பேரு பறக்கிற பொம்மையா? வேலையைப் பாரும்மா."

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. அழிக்கிறது நீங்கதானே."

"அவர்கிட்டயே கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டாள் அக்கா. இப்போது அதை நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது, அன்று இல்லை. அன்று பதினான்கு படம் மிச்சம் இருந்தது, தலைவலியும் இருந்தது. கைக்காரம்மா விமானத்தை மேசையில் வைத்தார். படியிறங்கிப் போனார். அதன் பிறகு வரவே இல்லை.

மாமா வேறு ஆள் பிடித்துப் பார்த்தார். ஒருவருக்குக் கை நடுங்கியது. இன்னொருவருக்குப் பத்தே நிமிஷத்தில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மூன்றாவது ஆள் பொம்மையை வாங்கிப் பார்த்து, "இதுக்கு ஒரு ஆளா?" என்று கேட்டதால் மாமாவே துரத்திவிட்டார். பிறகு கம்பி, பசை, கத்தல், மறுபடி கம்பி. பத்து மாதம் இப்படி ஓடியது. கம்பெனிக்காரர்கள் வேறு படக்காரரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசி வாய்ப்பாக அறுபது படம் கொண்ட ஒரு பட்டியல் வந்தது.

பள்ளி விடுமுறை. வீட்டில் ஒரு கை சும்மா இருந்தது.

அக்காவின் மகளுக்கு எட்டு வயது. நாங்கள் வைத்த பெயர் வாலு. அதற்கு ஏற்றபடிதான் இருப்பாள். ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டாள். அவளைப் போய் மாமா பொம்மை பிடிக்க வைத்தார். கருப்புத் துணி போட்டு மூடிய அறையில், தினமும், மதியம் முழுக்க.

"அவ என்ன ஸ்டாண்டா?" என்றாள் அக்கா.

"உன்னால பிடிக்க முடியுமா? ரெண்டு விநாடி கூட உனக்குக் கை நிக்காதுல்ல. பேசாம இரு."

அக்கா அப்படியெல்லாம் பேசாமல் இருக்கிறவள் இல்லை. தினமும் சண்டை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் சண்டை, படிக்கட்டில் சண்டை. பிள்ளையை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. மாமா அசையவில்லை. முதல் இரண்டு வாரம் வாலு அழுதாள், கை வலிக்கிறது என்றாள். பாதிப் படம் மங்கலாகத்தான் வந்தது.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றிலிருந்து அவள் அழவில்லை. கை துளியும் அசையவில்லை. மாமா கீழே வந்து, "பாத்தியா, என் ரத்தம்" என்று பெருமையாகச் சொன்னார்.

அன்று மாலை 4.10.

அக்கா பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு சிவப்பு ஹெலிகாப்டர் படத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். பிள்ளையின் முழங்கையிலிருந்து அழித்துக்கொண்டு வந்தாள். நீலம் வந்தது. மணிக்கட்டை அழித்தாள். நீலம் வரவில்லை. தோல் நிறம்தான் இருந்தது.

மௌஸ் சரியாகப் படவில்லை என்று நினைத்தாள். மறுபடி அழித்தாள். தோல் நிறம் போகவில்லை. தெளிவானது.

பிள்ளையின் கையை அழிக்க அழிக்க, அதன் அடியிலிருந்து இன்னொரு கை வந்தது. பெரிய கை. நான்கு விரல் மடங்கி, பிள்ளையின் மணிக்கட்டு இருந்த இடத்தைச் சுற்றிப் பிடித்திருந்தது.

அடியில் இருப்பது வெறும் படம். அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. மேல் படத்தை அணைத்துவிட்டு அதை மட்டும் பார்த்தாள். நீலக் காகிதம். சுத்தமாக இருந்தது. மேல் படத்தைப் போட்டாள்... கை இருந்தது. அணைத்தாள். இல்லை. போட்டாள். இருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தாள். கட்டை விரல் நகம் நடுவில் நீளமாகப் பிளந்திருந்தது.

மாமாவைக் கத்திக் கூப்பிட்டாள். 4.14-க்கு அவர் வந்து பார்த்தார். திரையில் ஹெலிகாப்டர் அழகாகப் பறந்துகொண்டிருந்தது. சுற்றிலும் நீலம். வேறு ஒன்றும் இல்லை.

"என்ன, இப்படி ஒரு நாடகமா?"

"சத்தியமா பாத்தேங்க. அந்தம்மா கை."

"பழைய ஃபைல் ஏதாவது கலந்திருக்கும். பிள்ளையை நிறுத்தணும்னு நீ என்ன வேணா சொல்லுவ."

அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. இனி கம்ப்யூட்டரில் எதைப் பார்த்தாலும் அவரிடம் சொல்லப் போவதில்லை என்று அன்றே முடிவெடுத்துவிட்டாள்.

சொல்லவும் இல்லை. ஆனால் புதன்கிழமை மஞ்சள் லாரியில் அதே கை. வியாழக்கிழமை கரடிக்குட்டியில். 11.05-க்கு ஒரு தடவை, 3.30-க்கு ஒரு தடவை. அழித்து முடித்து, கண்ணை ஒரு முறை மூடித் திறந்தால் போய்விடும். ஒவ்வொரு படத்திலும் பிடி கொஞ்சம் இறுகியிருந்தது. முதல் படத்தில் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. கரடிக்குட்டியில் அது இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வாலுவுக்குத் தலை வாரிவிடும்போது கேட்டாள்.

"இப்பல்லாம் கை வலிக்கலையாடி?"

"நான் எங்க பிடிக்கிறேன்மா?"

"பின்ன?"

"அவங்கதான் பிடிக்கிறாங்க. நான் சும்மா நிக்கிறேன்."

"யாரு?"

"இறுக்கமா வாராதம்மா, வலிக்குது" என்றாள் வாலு.

அக்கா நேரே மாடிக்குப் போனாள். பிள்ளையைத் தங்கச்சி வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு, இப்போதே கூட்டிப் போகிறேன் என்றாள்.

"இன்னும் ஆறு படம்தான்" என்றார் மாமா. "இன்னைக்கே முடிஞ்சிரும். அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போ. இது முடியலன்னா எனக்கு வேற வேலை தெரியாது, தெரியும்ல?"

"அப்ப நானும் கூட நிப்பேன்."

"நில்லு. மூச்சு மட்டும் விடாத."

மதியம் 3.30. முன்னறை. ஜன்னலில் கருப்புத் துணி. வெளியே நல்ல வெயில், துணியின் தையல் ஓட்டைகளில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒரே ஒரு விளக்கு. நீலக் காகிதத்தின் முன்னால் வாலு. அவள் கையில் வெள்ளை ராக்கெட். அக்கா கதவோரம் நின்றாள்.

ஐந்து படம் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அக்காவுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

3.44. கடைசிப் படம். மாமா கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். அறையில் சத்தமே இல்லை.

டக்... டக்.

அக்கா ஓரடி முன்னால் வந்தாள். "யாருடி சொல்லிக் குடுத்தா, தட்டச் சொல்லி?"

"நான் தட்டலையே" என்றாள் வாலு.

மாமா தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவர் முதுகு விறைத்ததை அக்கா பார்த்தாள்.

கேமரா திறந்தது. ஒண்ணு... ரெண்டு. மூடியது.

"போதும் பாப்பா. கையை இறக்கு."

வாலு இறக்கவில்லை.

"இறக்கு."

"முடியலப்பா."

"விளையாடாத."

"விட மாட்டேங்கிறாங்கப்பா..."

3.46. அக்கா ஓடிப் போய்ப் பிள்ளையை இடுப்போடு அணைத்துப் பின்னால் இழுத்தாள்.

உடம்பு வந்தது. கை வரவில்லை.

அந்தரத்தில் எதிலோ மாட்டியது போல மணிக்கட்டு அங்கேயே நின்றது. பிள்ளை வீரிட்டாள். அக்கா அந்த இடத்தில் தன் கையை வைத்தாள். வெறும் காற்று... ஆனால் ஜில்லென்று இருந்தது.

டக்... டக்.

ராக்கெட்டின் மேல். அக்காவின் கண் முன்னால். யாருடைய விரலும் அதன் மேல் இல்லை.

"என்னங்க... ஏதாவது பண்ணுங்க..."

மாமா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

மறுபடி திறந்தார்.

"விட்டுடும்மா."

கை விழுந்தது.

3.47.

வாலுவின் மணிக்கட்டைச் சுற்றி நான்கு சிவப்புத் தடம். உள்பக்கம் கட்டை விரல் தடம் ஒன்று, அதன் நடுவில் மெல்லிய கோடு. எட்டு வயதுப் பிள்ளை தன் கையைத் தானே பிடித்தால் வருகிற தடம் இல்லை அது. நான் அளந்தே பார்த்தேன், என் விரலை விட நீளம்.

ஆமாம், அன்று மாலையே அக்காவும் வாலுவும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாமா கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். கம்பெனிக்கு அந்த அறுபதாவது படம் போகவே இல்லை. ஒரு வாரத்தில் தடம் மறைந்தது. விடுமுறை முடிந்து வாலு பள்ளிக்கும் போகத் தொடங்கினாள். மாமா வழக்கம் போல மாற்றிப் பேச ஆரம்பித்தார். பிள்ளைக்குக் கை மரத்துப் போயிருக்கும், நாம்தான் பயந்துவிட்டோம் என்றார். அப்படியானால் ஏன் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கைக்காரம்மா இறந்துபோயிருப்பார் என்று உறுதியாக நம்பினாள். ஏழு வருஷம் உழைத்தவரை வாசல் வரை கூட வந்து அனுப்பாமல் விட்டோமே என்று அழுதாள். அவர் வீட்டாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். பழைய டைரியில் தேடி ஒரு நம்பரைக் கண்டுபிடித்தாள்.

வியாழக்கிழமை காலை, மணி 11.12. என் வீட்டு முன்னறை. நான், அக்கா, மாமா. போனை ஸ்பீக்கரில் போட்டாள். நான்கு முறை அடித்தது. எடுத்தார்கள்.

"கைக்காரம்மா வீடுங்களா?" என்று இழுத்தாள் அக்கா. "அவங்க வீட்ல யாராவது..."

"சொல்லுங்கம்மா. நான்தான் பேசுறேன்."

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. செத்தவர் என்று நாங்கள் நம்பியிருந்தவர் திடமான குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்லா... நல்லா இருக்கீங்களா?"

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"எதை?"

"கை போனதை."

அக்கா போனைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அந்த அம்மாவே சொன்னார், யாரிடமோ கணக்கு ஒப்பிப்பது போல உணர்ச்சியே இல்லாமல். அட்டைப் பெட்டி செய்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாராம். வெட்டுகிற மெஷினாம். வலது கை, முழங்கைக்குக் கீழே.

"எப்போ ஆச்சு?"

"ஸ்கூல் லீவு விட்டு மூணாவது வாரம். செவ்வாய்க்கிழமை. சாப்பிட்டு உள்ள போனேன், ரெண்டரை கூட ஆகல."

மாமா எழுந்துவிட்டார். அந்தச் சிவப்பு ஹெலிகாப்டர் படம் எடுத்த நேரம் ஃபைலில் இருந்தது. மதியம் 2.25.

"போனது போனதுதான்" என்றது குரல். "ஆனா இருக்கிற மாதிரியே இருக்கும்மா. விரல் எல்லாம் தெரியுது. நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு. விரிக்கிற மாதிரி நினைச்சுப் பாருங்கன்னாரு. நினைச்சேன். விரிய மாட்டேங்குது."

"ஏன்?"

"எதையோ பிடிச்சிருக்கு."

"எதை?"

"சின்னதா இருக்கு. சூடா. உள்ள துடிக்குது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா குனிந்து, போனுக்கு மிக அருகில் வந்தார்.

"விட்டுடும்மா."

"சாரும் இருக்கீங்களா" என்றார் கைக்காரம்மா. "என்கிட்ட ஏன் சொல்றீங்க? என் பேச்சை அது கேட்டா நான் ஏன் தூங்காம கிடக்கேன்?"

"தப்பு என் மேலதான். நீதான் எல்லாத்தையும் பிடிச்ச. நான் சொல்லாம விட்டுட்டேன்."

"அன்னைக்கு அந்த மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கணும்."

"இப்ப போய்ச் சொல்றேன்."

"சொல்லுங்க. சொல்லாட்டிப் போங்க. எனக்கு இப்ப..."

நிறுத்தினார். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"என்னம்மா?" என்றாள் அக்கா.

"இருங்க... இழுக்குது."

"எந்தப் பக்கம்?"

"மேல."

சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்தேன். 11.20.

மாமா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். பள்ளிக்கூடம் எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 11.27.

வகுப்பு வாசலில் வாலு நின்றுகொண்டிருந்தாள். தண்டனை போலிருந்தது. முகம் வெளுத்திருந்தது. வலது கை பக்கவாட்டில் தொங்கியது. அக்கா அவளை அள்ளிக்கொண்டாள். மணிக்கட்டில் நான்கு தடம். புதிதாக, ரத்தச் சிவப்பாக.

டீச்சர் வெளியே வந்தார். நல்ல கோபத்தில் இருந்தார்.

"நீங்களே வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு. இவளை என்னன்னு கேளுங்க. எல்லாரும் எந்திரிச்சு நின்னு வாய்ப்பாடு சொல்லிட்டிருக்காங்க. இவ கடைசி வரிசைல கையைத் தூக்கிட்டு நிக்கிறா. என்ன சந்தேகம்னு கேட்டா பதில் இல்ல. இறக்குன்னா இறக்கல."

"எத்தனை மணிக்கு டீச்சர்?" என்றேன்.

"பதினொண்ணு இருபது இருக்கும். அது பரவாயில்ல. அப்புறம் பெஞ்சு மேல ஏறிட்டா. முன்னாடி நிக்கிற பிள்ளைங்க தலைக்கு மேல இவ இடுப்பு தெரியுது. நான் அண்ணாந்து பாத்துத் திட்ட வேண்டியதாப் போச்சு. நாலு தடவை சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினா. விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?"

அக்கா பிள்ளையை விடவில்லை.

நான் டீச்சரின் தோளுக்கு மேலாக வகுப்பறையைப் பார்த்தேன். விடுமுறையில் பெஞ்சுகளுக்கு அடித்திருக்க வேண்டிய பெயின்டை அன்றுதான் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வகுப்பின் பெஞ்சுகள் எல்லாம் வராந்தாவின் கோடியில், ஈரம் காயாமல், வரிசையாகக் கிடந்தன. அவற்றைத் தாண்டித்தான் நாங்கள் ஓடி வந்திருந்தோம்.

உள்ளே பிள்ளைகள் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் பார்ப்பதைப் பார்த்து டீச்சரும் திரும்பினார். கடைசி வரிசையை ரொம்ப நேரம் பார்த்தபடி நின்றார். அங்கே ஏறி நிற்பதற்கு எதுவுமே இல்லை.